பூநாரைகள் திரும்பிய நாள்

நவம்பர் 9

நான் சொன்னதெல்லாம் நடந்துவிட்டது. ஒன்றும் பிசகவில்லை. சித்திரையில் பூக்க வேண்டிய கொன்றை எங்கள் சரவணைப் பூங்காவில் ஐப்பசியிலேயே மஞ்சளாகத் தொங்கியதைக் கண்டதும், எட்டு நாளில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் போகும் என்றேன். இன்று போகிறது. முழங்கால் அளவு. உண்மையில் கணுக்கால்தான், நான் நெட்டை, குள்ளருக்கு முழங்கால் வரும்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட காவல்காரன் விநாயகமூர்த்திக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று சனம் வியக்கிறது. பூங்கா அலுவலகத்தில் வேலை செய்யும் என் தங்கையின் மகள் சயந்தினி மட்டும் வியக்கவில்லை. "மாரியில மழை பெய்யும் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணுமே, மாமா?"

நவம்பர் 14

பூங்காவின் பின்வேலியைத் தாண்டினால் தரவை, ஊர் மாடுகள் மேயும் புல்வெளி. அதற்கப்பால் களப்பு, கடலோடு சேரும் உப்பேரி. இன்று அங்கே பூநாரைகள் இறங்கின. முந்நூறு எண்ணினேன். சயந்தினி தொலைநோக்கியால் பார்த்துவிட்டு நாற்பத்து மூன்று என்கிறாள். தண்ணீருக்குள் தெரிந்தவற்றையும் நான் சேர்த்திருக்கலாம்.

கமலாதேவி வழக்கம்போல விடியவே பூசைக்குச் செவ்வரத்தம்பூ பறிக்க வந்தாள். 'பூப் பறிக்கத் தடை' என்ற பலகைக்குப் பக்கத்தில்தான் நல்ல மரம் நிற்கிறது. நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். அவள் ஒரு போத்தல் பால் வைத்துவிட்டுப் போவாள். ஏழு மாடுகள். புருசன் படுக்கையில். அந்தப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

"அண்ணை, பறவையள் நிக்குமட்டும் மாட்டைத் தரவையில விடலாமெல்லே?"

பூநாரை நின்றால் கடல் ஏறாது என்று அவளுக்குச் சொல்லி வைத்தவன் நான். என் சொந்தக் கண்டுபிடிப்பு.

நவம்பர் 19

கொன்றைப்பூ முழுவதும் ஓரிரவில் கொட்டிவிட்டது. காற்றே இல்லை. வேலியில் கார்த்திகைப்பூ மட்டும் நெருப்பாய் நிற்கிறது.

நவம்பர் 21

காலை ஏழு மணிக்குப் பூநாரைகள் எல்லாம் ஒன்றாய் எழும்பித் தெற்கே போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதில் நான் எதையும் கூட்டி எழுதவில்லை. வேம்பில் ஏறிய உடும்பு இறங்கவேயில்லை. மாரியில் தவளைச் சத்தம் இல்லாத பூங்காவை இன்றுதான் கேட்டேன்.

கமலாதேவியிடம் ஓடினேன். "தங்கச்சி, மாட்டைப் பிடிச்சுக் கட்டும்!" உடனே கட்டிவிட்டாள்.

நவம்பர் 24

மூன்று நாளாகத் தூறல். அவ்வளவுதான். தேத்தண்ணிக் கடையில், எப்போதும் என்னைக் கிண்டல் பண்ணும் நடராசா, "காலநிலைக் கந்தோரைப் பூட்டிப்போட்டு மூர்த்தி அண்ணைக்கு ஒரு கதிரை போடுவம்" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேனா?

கமலாதேவி வீட்டில் வைக்கோல் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். பால் பாதியாகிவிட்டது. பசியில் மாடுகள் கத்துவது பூங்கா வரை கேட்கிறது.

நவம்பர் 26

மத்தியானம் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் முன்னால் கமலாதேவி கேட்டாள். "பறவையள் திரும்பிட்டுதே, அண்ணை?"

நடராசா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஓம். விடியவே வந்திட்டுது" என்றேன். "பன்னிரண்டு. முன்னுக்கு ஒரு சாம்பல் நிறக் குஞ்சு, நொண்டி நொண்டி நடக்குது."

அவள் முகம் தெளிந்தது. "ரேடியோவில புயல் எண்டு சொல்லுறாங்கள்..."

"ரேடியோவுக்குக் கண் இருக்கே?"

பின்னேரம் ஏழு மாடும் தரவைக்குப் போயின.

நவம்பர் 27

காற்று. பகலே இருட்டு. போனில் சிக்னல் இல்லை. அவள் மாட்டைப் பிடித்திருப்பாள். பிடித்திருப்பாள்தானே?

நவம்பர் 30

கடலும் களப்பும் ஒன்றாகிவிட்டன. தரவை எங்கே என்று தெரியவில்லை. ஐந்து மாடுகள் பின்வேலி முட்கம்பியில் செத்து ஒதுங்கிக் கிடக்கின்றன. ஒன்று சினைமாடு.

எண்ணிப் பார்த்தேன். திரும்பவும் எண்ணினேன். ஐந்துதான்.

டிசம்பர் 3

கமலாதேவி வந்தாள். பூப் பறிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த காயம். கழுத்தளவு தண்ணீரில் நின்று இரண்டு மாட்டைத்தான் இழுக்க முடிந்ததாம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது.

"உங்களில என்ன பிழை, அண்ணை? பறவைக்கே தெரியேல்லை" என்றாள். களப்புப் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "அந்தக் குஞ்சு, நொண்டின குஞ்சு, தப்பிச்சுதே?"

"தப்பிட்டுது, தங்கச்சி" என்றேன்.

இருபத்தாறாம் திகதி நான் களப்புப் பக்கமே போகவில்லை. தூறலுக்கு ஒதுங்கிக் காவற்கொட்டிலுக்குள் இருந்தேன். பறவை ஒன்றையும் காணவில்லை. குஞ்சு என்று ஒன்று இல்லை.