பின்பக்கத்து வில்லை

ஆடி 3, திங்கள்

வெயில். காற்று, புழுதியோடு. ஆர்.கே.பேட்டைக்குப் போன பஸ் பாதி வழியில் நின்றது. இஞ்சினுக்கு அடியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ரேடியேட்டர் என்று நினைத்தேன். இல்லை. இஞ்சினில் தண்ணீர் ஓடும் அறையை அடைத்திருக்கிற தகர வில்லை ஒன்று துரு அரித்து ஓட்டை. ஓட்டை அடையட்டும் என்று மஞ்சள் தூள், கேழ்வரகு மாவு கரைத்து ஊற்றிப் பார்த்தோம். நிற்கவில்லை.

நெசவுக்காரர்கள் புடவை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். போகிற போக்கில் ஒருவர்: "இன்னாங்க, அம்மனுக்குக் கூழ் ஊத்தறதுக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுக்கலியா?" சிரிப்பு வரவில்லை.

மாடு பூட்டி இழுத்து வந்தோம். ஸ்டியரிங்கில் முனிரத்தினம். என் மனைவியின் தம்பி. அவனுக்கு நான் பாவா. என் பஸ்ஸுக்கு இன்னொரு டிரைவர், கண்டக்டர், எல்லாம் அவன்தான்.

ஆடி 4, செவ்வாய்

அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் நாயுடு வந்தார். வில்லைக்குப் பெயர் பிரீஸ் பிளக்காம். குளிர் தேசத்தில் உள்ளே தண்ணீர் உறைந்தால் இது தெறித்துக்கொண்டு இஞ்சினைக் காப்பாற்றுமாம். திருத்தணியில் பனி! வண்டி செய்தவன் மத்தியானம் மலைப்படியில் வெறுங்காலோடு ஏறிப் பார்க்கட்டும். இங்கே அரித்தது உப்புக் கிணற்றுத் தண்ணீர்.

பக்கவாட்டில் மூன்று. மூன்றும் போச்சு. பின்பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் மறைவில். அது கசியவில்லை.

"சண்ட காலத்துல சாமான் ஏதுங்க? பட்டணத்துலயே கெடைக்கல. பித்தளையில அடிச்சிக்கலாம்."

கிருத்திகைக்குள் ஓட வேண்டும். காவடிக் கூட்டத்தை விட்டால் வருஷமே போச்சு. அதைவிடப் பெரிய கவலை முனி. போன மாதம் சொன்னான்: "வண்டி நின்னா பட்டாளத்து லாரி ஓட்டப் போயிடுவேன்." அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. பர்மா பக்கம் போய்த் தகவலே வராத வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

ஆடி 6, வியாழன்

இவள் கல்யாணப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தாள். நல்ல கனம். "தட்டு போனா போவுது. எந்தம்பி வூட்டுல இருந்தா போதும்."

பாத்திரக்கடை ஆசாரி வட்டமாக வெட்டிக் குழிவாகத் தட்டினார். மூன்று போதும் என்றேன். நாலு அடிக்கச் சொன்னது முனி.

சாயங்காலம் முனியோடு சண்டை. பின்பக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டுமாம். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஆசாரி, வில்லை நாலுக்கு: ரூ. 1
நாயுடு, பக்கவாட்டு மூன்றுக்கு: ரூ. 4
பின்பக்கம் ஒன்றுக்கு மட்டும்: ரூ. 12

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கசியாததை எதற்கு நோண்டுகிறாய் என்று கத்தினேன்.

"இப்ப கசியல. பின்னால கசிஞ்சா யாரு எறக்குவா, பாவா?"

விட்டுக்கொடுத்தேன். பேசத் தெம்பில்லை. நாயுடுவுக்குச் சந்தோஷம், வேறென்ன.

ஆடி 7, வெள்ளி

முதுகு பிளக்கிறது. கரி இரண்டு மூட்டை சொல்ல வேண்டும். பெட்ரோல் கூப்பன் இந்த மாதமும் இல்லை. கரியை எரித்து அந்தப் புகையில்தான் பஸ் ஓட்டம். இருமல்.

கியர்பாக்ஸ் இறங்கியது. பின்பக்கத்து வில்லையை முனியே பெயர்த்தான். நாயுடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஆறு மாசம் தாங்கியிருக்குங்க." பன்னிரண்டு ரூபாய்!

முனி என்னையும் வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லி ஒவ்வொரு போல்ட்டாகக் காட்டினான். "நல்லா பாத்துக்க, பாவா." நீதான் இருக்கிறாயே, எனக்கு எதற்கு என்றேன். எரிச்சலாக வந்தது. தலையெல்லாம் கிரீஸ்.

இனி ஏரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

ஆடி 10, திங்கள். கிருத்திகை.

மூச்சு விட நேரமில்லை. அரோகரா கேட்டுக் கேட்டுக் காது அடைத்துவிட்டது. பஸ் கூரைமேல்கூட ஆள். ஒரு சொட்டு கசியவில்லை. தாம்பாளம் காப்பாற்றிவிட்டது என்று இவளிடம் சொன்னேன். அப்படிச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

பொழுது சாய்ந்து வண்டியை நிறுத்தினோம். முனி வசூல் பையை என் மடியில் வைத்தான்.

"காலையில ரயிலுக்குப் போறேன், பாவா. பட்டாளத்துல பேரு குடுத்துட்டேன்."

"வண்டிதான் ஓடுதேடா. நின்னாத்தானே போறேன்னே?"

"நின்னுகினு இருக்கற வண்டிய உன் தலையில கட்டிட்டு எப்படிப் போறது? அதுக்குத்தான் இத்தினி நாளு இருந்தேன். இந்த ஒரு வண்டிய வெச்சிகினு எல்லாரும் எப்படி பொழைக்கிறது, சொல்லு?"

அழுகை வந்தது. கரிப்புகை என்று துடைத்துக்கொண்டேன்.

"அக்காகிட்ட நீயே சொல்லிடு, பாவா. என்னால ஆவாது."

உள்ளிருந்து இவள் குரல்: "ரெண்டு பேரும் வாங்க. எல போட்டாச்சி."

அவன் கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். கணக்கு எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் பாயசம் போட்டுக்கடா என்கிறாள். வேண்டாம் என்கிறான். என்னை மறுபடி கூப்பிடுகிறாள்.