தபால் நோட்டில் அவர் கையெழுத்து

ஐப்பசி 9, செவ்வாய்

தீப்பெட்டி ஆபீஸில் இன்று முதலாளி எல்லார் முன்னும் கேட்டார்: "லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வந்த லெட்டர் எங்க?"

மேனேஜர் அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். "எங்கிட்ட வரவே இல்ல மொதலாளி. தபாலெல்லாம் இவதான் பாக்குதா."

வந்த அன்றே அவர் மேஜையில் வைத்திருந்தேன். தபால் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்து இருந்தது.

அண்ணாச்சி சிரித்தார். "இது நான் போட்டதா? நீயே சொல்லு."

இல்லை. "உன்ன நம்பாம யார நம்பப் போறேன், என் கையெழுத்தயும் நீயே போட்டுக்கோ" என்று அவர் சொன்னதிலிருந்து எட்டு வருடமாக நான்தான் போடுகிறேன். அதை மரியாதை என்று நினைத்துவிட்டேன், மூதேவி.

சாயங்காலம் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கைதான். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.