வசந்தாவின் கடைசித் தாளும் கறுப்புக் கட்டங்களும்

செப். 30, செவ்வாய்

மாலையில் மழை. காட்டூர் முழுக்கக் கொஞ்ச நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் என் மனைவி வசந்தா மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை எம்.ஏ. வரலாறு, கடைசித் தாள். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுதலாம். தவறினால் இன்னும் ஒரு வருடம். கேமரா பார்த்துக்கொண்டே இருக்குமாம். வேறு முகம் தெரிந்தால் முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை தேர்வு ரத்து.

பிரவுசரில் பக்கத்தை நகர்த்தினால் பாதி எழுத்து கூடவே வருகிறது, பாதி அங்கேயே நின்றுவிடுகிறது. நடுநடுவே கறுப்புக் கட்டங்கள். சோழர் ஆட்சி பற்றிய கேள்வியில் சோழர் இருக்கிறார், ஆட்சியைக் காணோம்.

என் வைத்தியம்: பழைய பதிவுகளை அழித்தல், எழுத்தைப் பெரிதாக்கல், மானிட்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகல், பெயர் புரியாத சில செட்டிங்குகள். எல்லாம் ஒரே மூச்சில். விளைவு: கட்டங்கள் அப்படியே. மெனு மட்டும் இந்தியில்.

வ. கோபிக்கவில்லை. இந்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. நல்ல வெயில். மானிட்டரின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். கீபோர்டின் மேல் கதம்பம். வ.வின் வரலாற்றுப் புத்தகங்கள் பட்டுத்துணிக்கு அடியில். நாளைக் காலை வரை எதையும் தொடக்கூடாது, படிக்கவும் கூடாது. பரீட்சையைச் சொல்லி விலக்குக் கேட்டுப் பார்த்தேன்.

"சரஸ்வதிகிட்ட குடுத்தாச்சுங்க. அவசரம்னு அன்னிக்கே திருப்பிக் கேக்கலாமா?"

ஸ்ரீரங்கத்து ராகவனுக்குப் போன். ரிட்டயர் ஆகும் வரை ஒரே தொழிற்சாலை, கைலாசபுரத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். இப்போது நண்பர்களின் கம்ப்யூட்டர்களுக்குக் கேட்காமலே ஆலோசனை.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லேருந்து போட்டுடும் ஓய். மத்ததைப் பெருமாள் பார்த்துப்பார்."

போனிலேயே பிரளயம் நடத்துகிற ஆள். வ.வின் இரண்டு வருடக் குறிப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

அவள் சுண்டலுக்குத் தாளித்தபடி அணைந்த திரையைப் பார்த்து யோசித்தாள். நேற்று போட்டோ திறந்தபோது கட்டம் இல்லை. சினிமா ஓடியபோதும் இல்லை. பிரவுசரில் மட்டும்தான், அதுவும் பக்கம் நகரும்போது மட்டும். தொடாமலே இவ்வளவு கண்டுபிடித்தாள். நான் தொட்டுக் கண்டுபிடித்தது இந்தி.

அக். 2, வியாழன்

விஜயதசமி. வ. கற்பூரம் காட்டி, பூவை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் பிரவுசரில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தினாள். கட்டங்கள் போகவில்லை. திரும்பப் போட்டாள். அடுத்து, படம் வரைகிற வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளிவிடும் வசதி. அதற்குள் நான் மவுஸை நோக்கிக் கை நீட்டினேன், ஒரு அப்டேட்டும் சேர்த்துப் போடலாம் என்று. கையை நகர்த்தி வைத்தாள்.

"ஒண்ணை மாத்தினா பாத்துட்டுதான் அடுத்தது. உப்பையும் புளியையும் ஒண்ணா கொட்டினா எதுல தப்புன்னு எப்படிங்க தெரியும்?"

அந்த வசதியை ஆஃப் செய்து, பிரவுசரை மூடித் திறந்தாள். பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. சோழருக்கு ஆட்சி திரும்பக் கிடைத்தது.

நான் இருந்த தரப் பரிசோதனைப் பிரிவில் இவள் சேர்ந்திருந்தால் எனக்கு மேலதிகாரி ஆகியிருப்பாள். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது.

மதியம் ராகவன் பென்டிரைவோடு வந்துவிட்டான். பிரளயம் தேவைப்படவில்லை. பொரியை மட்டும் முழுதாக அழித்துவிட்டுப் போனான்.

அக். 3, வெள்ளி

மேகமூட்டம். வ. விபூதி இட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்தில் நானும் பேப்பரும். ஒரே பக்கம். முக்கொம்பில் தண்ணீர் திறப்பு. எத்தனை தடவை படித்தும் எவ்வளவு என்று மனதில் நிற்கவில்லை. கட்டங்கள் திரும்ப வந்திருந்தால்? பொறுக்க முடியாமல் எழுந்து, சத்தம் வராமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். திரை பளிச்சென்று. நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறாள், முதல் பெஞ்சுக்காரி மாதிரி. ஐம்பத்தொன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாத்திவிட்டு வந்தேன். நிம்மதி.

வெளியே வந்தாள். எல்லாக் கேள்வியும் எழுதி அனுப்பியாச்சு என்றாள். கட்டம் ஏதாவது வந்ததா என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"கட்டம் வரலைங்க. எச்சரிக்கைதான் ஒண்ணு வந்துச்சு. பின்னால ஒரு வழுக்கைத் தலை தெரியுதாம்."