மெல்லிய குடுவை

ஹான்சோல்,

அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. அலுவலக வேலையாகப் பூசான் போகிறேன். நாளை மறுநாள் வருவேன். முளைப்பயறு சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

ஈஸ்டுக்குத் தீனியாக மால்ட் கரைசலைக் காய்ச்சி மெல்லிய குடுவையிலேயே ஆற வைத்திருக்கிறேன். "அத்தான், இது தும்மினாலே உடைஞ்சிடும். நான் வாங்கினதைப் பாருங்க, என்ன கனம்!" என்று நேற்று கத்தினாய். கொதிக்கும்போது எடுத்துக் குளிர்ந்த நீரில் வைத்தால் விரிசல் விடுவது கனமானதுதான். மெல்லியது ஆய்வுக்கூடக் கண்ணாடி, தாங்கும். நான் பதிலுக்குக் கத்தியது குடுவைக்காக இல்லை.

உன் அக்கா பியர் காய்ச்ச வளர்த்த ஈஸ்டில் மிச்சம் ஒரே ஒரு சீசா. கிம்ச்சி குளிர்பெட்டியில், முள்ளங்கிக்குப் பின்னால். போன வாரம் அதைச் சூப்பில் கொட்டப்போய், "உப்புல ஊறின இறால்னு நினைச்சேன் அத்தான்" என்று சிரித்தாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

குடுவையில் சூடு அடங்கியதும் ஈஸ்டை நீயே ஊற்று. அவள் இறந்ததிலிருந்து நல்ல குடுவை தேடுகிறேன் என்று தள்ளிப்போட்டேன். இனிக் காத்திருந்தால் சீசாவிலேயே செத்துவிடும். ஊற்ற எனக்குப் பயம்.

மேஹ்யோக்

குடுவையின் வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடு. இறுக்கினால் வெடிக்கும். போகும்போதும் வரும்போதும் குலுக்கிவிடு.

நுரை வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. வராவிட்டால் கூப்பிடாதே. நான் வீடு வந்து சேரும்வரை என் மனதிலாவது அது உயிரோடு இருக்கட்டும்.