இரண்டு நீலப் புள்ளி வைத்த கெட்டிப் பந்து

அன்பு மாப்பிள்ளை தயாளா,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுதத் தைரியம் வந்தது. முதலில் நல்ல சேதி: உன் ரேவதி, என் தங்கச்சி, தேறிவிட்டாள். விவேக் நகரில் ஒரு தையல் கடைக்குப் போகிறாள். என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. "அந்த மேட்ச் தோத்ததுலேர்ந்துதான் அவரு மனசு உடைஞ்சுபோச்சுண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. ஏனென்றால் அந்த மேட்ச்சைக் கெடுத்தவன் நான்.

கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குகிற நமக்குள் எத்தனை சண்டை! பந்து எவ்வளவு அமுங்கும் என்பதற்குக் கம்ப்ரெஷன் என்று ஒரு எண் சொல்வார்கள். எண் குறைந்தால் மெத்து, கூடினால் கெட்டி. நாம் காத்திருக்கிற ஷெட்டின் வாசல் சிமெண்டில் நீ பந்தைப் போட்டு, சத்தத்திலேயே எது எதுவென்று சொல்லிவிடுவாய். "கெட்டிதான்டா தூரம் போகும், பெரிய ஆட்டக்காரனெல்லாம் அதைத்தான் அடிக்கிறான்" என்பேன் நான். "அவன் அடிக்கிற வேகத்துக்கு சரி மச்சான். மேடம் கைக்கு மெத்துதான்" என்பாய் நீ.

சுமித்ரா மேடத்துக்கு விரல் மூட்டில் வலி, மெல்லத்தான் வீசுவார். வருஷக்கணக்கில் அவர் பையைத் தூக்கியவன் நீ. அந்தப் போட்டியில் நீங்கள் இருவரும் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. காலையில் நீ டீ குடிக்கப் போன நேரத்தில், பையிலிருந்த மூன்று மெத்துப் பந்தையும் எடுத்துவிட்டு, அதே கம்பெனியின் கெட்டிப் பந்து மூன்றை வைத்தேன். மேடம் அடையாளம் போடுகிற மாதிரியே ஒவ்வொன்றிலும் இரண்டு நீலப் புள்ளி வேறு வைத்தேன். யார் கேட்டார்கள் என்னை?

கடைசிக் குழிக்கு மூன்றடிதான் பாக்கி. மேடம் எப்போதும்போலத் தட்டினார். டக்கென்று ஒரு சத்தம். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் தாண்டி ஓடியது. ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோல்வி. "நான்தான் பந்து போற லைனைத் தப்பா சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு மாசத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது.

போன வாரம் மேடம் தன் பையைத் தூக்க என்னைக் கூப்பிட்டார். பந்து போகிற தூரத்தை அளக்கிற மெஷின் ஒன்று இப்போது மைதானத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு வகையையும் அடித்துப் பார்த்தார். அவர் வீச்சுக்குக் கெட்டிப் பந்து நாலு தப்படிதான் கூடப் போனது. நம் சண்டையெல்லாம் இந்த நாலு தப்படிக்குத்தான் மாப்பிள்ளை! ஆனால் கெட்டியை அடித்ததும் மேடம் கையை உதறினார். தூரத்தில் நான் கொஞ்சம் சரி, கையில் நீ முழுக்கச் சரி.

அந்த உதறலைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடம் சிரித்தார். "ஏ சேகர், ஃபர்ஸ்ட் ஹோல்லயே கைக்குத் தெரிஞ்சிடுச்சு. தயாளன் பந்தை சிமெண்ட் பாதையில போட்டுப் பாத்தான். 'எங்க மச்சான் வேலை மேடம். ஜெயிக்கணும்னு ஆசையில பண்ணிட்டான், பாவம். விட்ருங்க'ன்னான். ஆட்டம் முழுக்க உன்னை நினைச்சு சிரிச்சோம். கடைசில நான் அவசரப்பட்டு அடிச்சேன். யாக்கே, எதுக்கு பந்து மேல பழி போடணும்?"

"அப்போ தோத்ததுல அவன் மனசு உடையலையா மேடம்?"

"உடைஞ்சவனா மறுநாள் என் வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு பிசிபேளே பாத் சாப்பிட்டான்?"

அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். கூடவே சிரிப்பும் வந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. மற்றவர்கள் என்னைத் தோண்டித் துருவக் கூடாது என்றுதான் பழியை நீ வாங்கிக்கொண்டாயா? என்னிடம் ஏன்டா சொல்லவில்லை? நானாகவே வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா?

அந்த மூன்று மெத்துப் பந்தும் என் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. நாளைக்கு மேடத்திடம் கொடுத்துவிடுவேன். இன்று சாயந்திரம் ரேவதியிடம் நானே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கரண்டியோடு வருவாள், வரட்டும். நீ உடைந்துபோய்ச் சாகவில்லை, மறுநாளே இரண்டு தட்டு சாப்பிட்டாய் என்பதைக் கேட்காமல் அவளை எழுந்திருக்க விடமாட்டேன். இது சத்தியம்.

நீ காட்டிக்கொடுக்காத உன் மச்சான்,
சேகர்
ஈஜிபுரா