செவலையைப் பழக்க ஆள் தேடியது

என் செல்விக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் மகள் மலருக்கு அச்சுக் கம்பெனியில் வேலை கிடைத்து, செல்போன்கூட வாங்கிவிட்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். உன் நாய் செவலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செவலைய மட்டும் பாத்துக்கிடுங்க" என்றாயே. பெற்ற மகளைப் பற்றிக்கூட நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

வெடிச் சத்தம் கேட்டால் உன் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவன், நீ போனதும் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொண்டான். நம் ஊரில் சத்தம் இல்லாத நாள் எது? கல்யாணத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்ப்பது வேறு.

நாயின் பயத்தைப் போக்கிப் பழக்குகிற ஆள் யாராவது உண்டா என்று கேட்டால் டீக்கடையில் சிரித்தார்கள். "ஏலே, நாய்க்கு டியூசன் வைக்கப் போறியாக்கும்?" கடைசியில் சூலக்கரைப் பக்கம் பங்களாக்களுக்குக் காவல் நாய் பழக்குகிற ஒருவர் அகப்பட்டார். சோறு வைக்கும்போது பக்கத்திலேயே சின்ன வெடியாக ஒன்று போடுங்கள், பழகிவிடும் என்றார். தொட்டில் பிள்ளை வெடிச் சத்தத்தில் தூங்குகிற ஊர், நாய்க்கு மட்டும் என்ன என்று நானும் நினைத்துவிட்டேன். ஒரு கையால் சோற்றை வைத்தேன், மறு கையால் சீனிவெடியைக் கொளுத்திப் போட்டேன். பத்து நாள் விடாமல் செய்தேன், செல்வி.

இப்போது நான் வைக்கிற சோற்றை அவன் தொடுவதே இல்லை. எலும்பு தெரிகிறது.

மலர்தான் விசாரித்து, காரியாபட்டிப் பக்கம் ஆட்டுக்கிடைக் காவலுக்கு நாய் பழக்குகிற பேச்சியம்மாளை வீட்டுக்கே கூட்டி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த அம்மா நாயைக் கூப்பிடக்கூட இல்லை, தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் செவலை தானாக வெளியே வந்து அவர் கையிலிருந்து ரொட்டி தின்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் வைக்கலாம் என்று கிட்டே போனேன். விருட்டென்று உள்ளே ஓடிவிட்டான்.

"நீங்க என்ன வேலை பாக்கீக?" என்று கேட்டார்.

"வெடிக் கம்பெனியில மருந்து கலக்குற ரூம்ல."

"அதான். அது இப்ப சத்தத்துக்கு மட்டும் பயப்படலய்யா, உங்களுக்குத்தான் பயப்படுது. மேலெல்லாம் மருந்து வாடையோட சோத்த வச்சு, வெடியும் போட்டிருக்கீக. உங்க வாடை வந்தாலே அடுத்தது வெடின்னு நெனைக்கு."

எத்தனை சோப்புப் போட்டாலும் போகிற வாடையா இது? வேலையை விடலாம் என்றால், இந்த வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்?

"எங்கிட்ட விடுங்க, அங்கன வெடிச் சத்தம் இல்ல, தேறிரும். நீங்க மட்டும் பாக்க வராதீக" என்றார். சரியான ஆளைத் தேடி எவ்வளவு அலைந்தேன். கிடைத்த ஆள் இப்படிச் சொல்கிறார். அவனை விட்டுக்கொடுப்பதும் பார்த்துக்கொள்வதில் சேருமா, செல்வி? உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமைக்கு லோடு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். மலர் அவனோடு போவாள். வண்டி கிளம்புகிறவரை நான் தெருக்கோடியில், காற்று அவன் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து நின்றுகொள்வேன். கூப்பிட மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
முருகேசன்