பூரி பர்னிச்சர் இல்லை, நைனா

என் தங்கமான நைனாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் குரங்குத் தொல்லை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே மலையிலிருந்து அவை இறங்கி வருவது நின்றபாடில்லை. ஆனால் நான் எழுத வந்தது குரங்கைப் பற்றி இல்லை, உன் நாய் பூரியைப் பற்றி. வேறு யாரிடம் போய்ப் புலம்புவதென்று தெரியவில்லை நைனா, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நீ போனதும், நாம் குடியிருந்த குருமனையைக் காலி செய்யச் சொன்னார்கள். அதில் தப்பில்லை, உன் இடத்துக்கு வரும் புதுப் போதகர் குடும்பத்தோடு எங்கே தங்குவார்? கட்டில், மேஜை, பீரோ, பெஞ்சு எல்லாம் சபைச் சொத்து. போதகர் மாறினாலும் அவை மாறாது, நமக்குத் தெரிந்ததுதான். அம்மாவும் நானும் நம் துணிமணியையும் பாத்திரங்களையும் மட்டும் மூட்டை கட்டினோம். அப்போதுதான் சபைச் செயலாளர் எபினேசர் மாமா வந்து சொன்னார், "நாயை வுட்டுட்டுப் போங்கம்மா. அது குருமனை பர்னிச்சரு."

எல்லாம் உன் வாயால் வந்த வினை. நாம் திருத்தணிக்கு வந்த புதிதில், சர்ச் வளாகத்தில் போதகர் நாய் வளர்க்கலாமா என்று கமிட்டியில் யாரோ முணுமுணுக்க, "இது என் நாய் இல்லீங்க, குருமனை பர்னிச்சர். அடுத்து வர்ற போதகருக்கும் உதவும்" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் ஒருத்தரும் மறக்கவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு வந்த வாழைத்தாரையெல்லாம் குரங்குகள் தொடாமல் காப்பாற்றியது பூரிதான் என்பதையும் மறக்கவில்லை.

கமிட்டி கூடியது. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

"பர்னிச்சர் எங்கயாவது கொரைக்குமா மாமா?" என்று கேட்டேன்.

"நாலு காலு இருக்குது, போட்ட எடத்துல கெடக்குது. பின்ன இன்னாம்மா?"

"பீரோ, பெஞ்சு எல்லாத்துலயும் சபை பேரு பெயின்ட்ல எழுதியிருக்குது. பூரி மேல எங்க எழுதியிருக்குது?"

"ஆங், எழுதிட்டா போச்சு" என்றார் பொருளாளர். ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போன நாளிலிருந்து அம்மா பூரியைத் தவிர யாரிடமும் வாய் திறப்பதில்லை. அதற்குச் சோறு வைத்து, அது தின்று முடித்த பிறகுதான் தன் தட்டைத் தொடுகிறாள். இதை அத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது? அதற்குள் அம்மாவே எழுந்து வந்துவிட்டாள்.

"அப்ப என் மேலயும் பெயின்டு அடிச்சிடுங்க. நானும் இத்தினி வருசம் இந்த வூட்லதான் கெடந்தேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எபினேசர் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டினு போங்கம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கே.ஜி.கண்டிகையில் பிடித்த வாடகை வீட்டுக்கு, ஆட்டோவில் பூரியை மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். புதுப் போதகர் போன் செய்தார். "சிஸ்டர், பூரி இங்க கேட்டாண்ட வந்து படுத்துகினு இருக்குது." மறுபடி கூட்டி வந்தேன், மறுபடி ஓடியது. சங்கிலி போட்டால் ஊளையிடுகிறது. சோற்றைத் தொடுவதில்லை. அது தொடாததால் அம்மாவும் தொடுவதில்லை. அவள் வளையல் முழங்கை வரை ஏறுகிறது நைனா. நான் என்ன செய்யட்டும், சொல்லேன்?

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சர்ச்சுக்குக் கொண்டுவந்தோம். கூட்டத்தில் மிதிபடும் என்று பூரியைப் பின்பக்கம் கட்டிப் போட்டிருந்தார்கள். அது உன்னைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கென்று அந்தக் கேட்டைத் தாண்டி நீ வெளியே போனது மட்டும்தான் அதற்குத் தெரியும். போனவர் வருவார் என்று படுத்திருக்கிறது. ஒரு நாயிடம் சாவை எப்படிச் சொல்வது? எத்தனை வீடுகளுக்குப் போய் நீ அந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறாய், எனக்குச் சொல்லித் தராமல் போய்விட்டாயே.

இன்று சாயங்காலம் அந்தக் கேட்டுக்கே போய், வேறு வழி தெரியாமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு உன் மாதிரியே கூப்பிட்டேன். "வாடா பூரி, போலாம்." துள்ளி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. என்னிடம் இல்லை. என்னைத் தாண்டி ரோட்டுக்குப் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உன்னைத் தேடியது. பிறகு திரும்பி வந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதே இடத்தில் படுத்துக்கொண்டது. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

நைனா, இனி உன் குரலில் அதை நான் கூப்பிட மாட்டேன். இது சத்தியம். நாளைக்கும் போவேன், மறுநாளும் போவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கேட்டருகே உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சோறு பிசைந்து வைப்பேன். தின்னாவிட்டாலும் வைப்பேன். அது எழுந்து வரும்வரைக்கும் என் குரலிலேயே கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

உன் ஒரே மகள்,
கிரேஸி